பதினான்காம் அத்தியாயத்துக்கான பாட்டு

சண்முகவடிவின் ஐந்தாவது நாவலுக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை அவள் கணவர் பேச்சிமுத்துவின் தலையில் விழுந்தது. முந்தைய நான்கு நாவல்களில் ஒன்றைக்கூட அவர் கடைசிப் பக்கம் வரை வாசித்தவரில்லை. அவருக்குத் தெரிந்த தொழில் மைக்செட். சங்கரன்கோவிலைச் சுற்றிக் கல்யாணமோ சடங்கோ கோயில் கொடையோ இழவோ, எது நடந்தாலும் ஊரில் முதலில் கத்துவது அவருடைய குழாய் ஸ்பீக்கராகத்தான் இருக்கும். அறுபத்தேழு வயதில் அதையும் விட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரைத்தான் நாவலுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

வடிவு தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்று மூன்றாம் வருஷம் மறதி தொடங்கியது. பேங்கில் கையெழுத்துப் போடப் போனவள் தன் இனிஷியல் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, சாப்பாட்டைக்கூட மறந்து பாதி வரை வாசித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாளே யாரிவள் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடைய முதல் நாவல். அன்றைக்குத்தான் பேச்சிமுத்து அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே டாக்டர் நஸ்ரீன் என்று நாற்பது வயசுக்காரம்மா ஒருத்தர் இருந்தார். வடிவு எழுதத் தொடங்கியிருந்த ஐந்தாவது நாவல் அவளுடைய சொந்த வாழ்க்கை என்பதையும், அத்தியாய வாரியாக ஒரு நோட்டில் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள் என்பதையும், இப்போது உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை என்பதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு, தலையில் மாட்டுகிற பட்டை ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"அம்மாவோட நினைவெல்லாம் அழிஞ்சு போயிடலைங்கய்யா. உள்ளதான் இருக்கு. போற வழி அடைச்சிருச்சு. பாட்டு போற வழி மட்டும் கடைசி வரைக்கும் திறந்திருக்கும். சரியான பாட்டை, அன்னைக்குக் கேட்ட மாதிரியே கேட்டா, இந்தப் பட்டை அந்த நாளை முழுசா எழுப்பிக் கொண்டுவந்திடும். மூணு மணி நேரம் அதுக்குள்ளயே இருப்பாங்க. அப்ப எழுதலாம்."

"பொறவு?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

"நாம ஒரு நினைவை எடுத்துப் பார்த்தா அது கொஞ்சம் இளகும். திருப்பி வைக்கிறப்ப இறுகிக்கும். அம்மாவுக்கு இறுகாது. ஒரு நினைவை ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். எடுத்துட்டா அது போயிடும்."

"அப்போ தாள்ல இருக்கும். தலையில இருக்காது."

"ஆமாங்கய்யா."

பேச்சிமுத்துவுக்கு வேண்டாம் என்றிருந்தது. வடிவு யோசிக்கவே இல்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் எப்படியும் எல்லாம் போகத்தானே போகிறது, உள்ளே கிடந்து மக்கிப் போவதைவிட வெளியே வரட்டும் என்றாள். கையெழுத்தும் போட்டாள், இனிஷியலோடு. பாட்டுத் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஆட்கள் இருந்தார்கள். குடும்பத்தாரை விசாரித்து, எந்த வருஷம் எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. அவர்கள் வேண்டாம் என்றும் அவளேதான் சொன்னாள்.

"பாட்டு இவுக எடுத்துத் தரட்டும்."

பேச்சிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அத்தனை வருஷமாக நேரத்துக்குச் சமைத்து வைப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். ராத்திரி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. அவர்களுடைய ஒரே மகள் கோமதி பத்து வயதில் கரண்ட் அடித்து இறந்துபோனாள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி எடுத்துக்கொள்வது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

முதல் அத்தியாயத்துக்குப் பாட்டு கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. அவளுடைய சித்தி மகளுக்குச் சடங்கு நடந்த வீட்டில் அவர் மைக்செட் கட்டியிருந்தார். பரீட்சைக்குப் படிக்கிறேன், சத்தத்தைக் குறையுங்கள் என்று ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி வந்து நின்றாள். அவர் ஒரு காதல் பாட்டைப் போட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார். அந்தப் பாட்டை ஹார்டு டிஸ்கில் தேடி எடுத்துக் கொடுத்தபோது பட்டை ஒன்றும் செய்யவில்லை. வடிவு பேனாவை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, அன்றைக்கு இப்படியா கேட்டது என்று டாக்டர் கேட்டார். பேச்சிமுத்துவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பி, கொட்டகையில் கிடந்த குழாய் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துப்போய், சடங்கு நடந்த அதே தெருவில் வேப்பமரத்தில் கட்டிப் பாட்டைப் போட்டு, பத்து வீடு தள்ளி நின்று பதிவு செய்துகொண்டு வந்தார். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையும் நடுவில் ஒரு கரகரப்புமாக அது ஒலித்தபோது, வடிவின் முதுகு நிமிர்ந்தது. பேனா ஓடத் தொடங்கியது. எழுதும்போது அவள் உதட்டில் இருந்த கோபம் பத்தொன்பது வயசுக்காரியின் கோபம். அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டுப் பக்கம். அன்றைக்குத்தான் அவள் எழுதியதை அவர் முதல்முதலாக முழுசாக வாசித்தார். மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுப் போனவளைக் கூப்பிட்டு, நான் சத்தத்தை ஏற்றினது உனக்கு அவ்வளவு கோபமா என்று கேட்டார். எந்தச் சத்தம் என்றாள். நாம் முதலில் பார்த்தது எங்கே என்று கேட்டதற்கு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தீர்களே அப்போதுதானே என்றாள். அந்தத் தெருவில் ரெட்டைச் சடை போட்ட பெண்ணைப் பார்த்த ஆள் உலகத்தில் இனி அவர் ஒருத்தர்தான்.

போகப்போகப் பழகிவிட்டது. கல்யாண அத்தியாயத்துக்கு, முகூர்த்த நேரத்தில் தவில்காரர் தாளம் தப்பிய அந்தப் பழைய பதிவையே தேடி எடுத்தார். அவள் அப்பா இறந்த அத்தியாயத்துக்கு, சேதி வந்தபோது அடித்த டெலிபோன் மணியோசை. கோமதி பிறந்ததற்குப் பிரசவ வார்டில் ஆயா ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே இருந்த தாலாட்டு. வரிகள் நினைவிருந்ததால் அவரே பாடிப் பதிந்து கொடுத்துப் பார்த்தார், வேலை செய்யவில்லை. பிறகு ஒரு கிழவியைப் பாட வைத்தார். சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்து, அம்மா இதுவரை எழுதியதிலேயே இதுதான் உச்சம், நிறுத்திவிடாதீர்கள் என்றார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பிறகு வீட்டில் ஒரு பேச்சு குறைந்தது. அப்பா என்றால் அவளுக்கு இப்போது ஒரு சொல், அவ்வளவுதான். பேச்சிமுத்து அதையெல்லாம் பெரிதாக நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டார். பாட்டு சரியாக அமைந்துவிட்டால் அவருக்கு அன்றைக்கு வெற்றி.

திட்ட நோட்டு டாக்டரிடம் இருந்தது. வடிவு கேட்டுக்கொண்டபடி, ஒவ்வொரு தடவையும் அடுத்த அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் பேச்சிமுத்துவிடம் சொல்வார்கள். பதின்மூன்று முடிந்த வாரம் போன் வந்தது.

"அடுத்தது 'ஆண்டு விழா'ங்கய்யா."

பேச்சிமுத்து சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

எந்த ஆண்டு விழா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வடிவு வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான், கோமதியும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு. மைக்செட்டும் லைட்டும் அவருடையது. கோமதி ஒரு கும்மிப் பாட்டுக்கு ஆடுவதாக இருந்தது. அதற்காக ஒரு மாதம் வீட்டில் அந்தப் பாட்டு ஓயாமல் பாடியது. அன்று அதே நேரத்தில் பக்கத்து ஊரில் ஒரு கட்சிக் கூட்டத்துக்கும் ஒத்துக்கொண்டிருந்தார். நல்ல வயர் எல்லாம் கூட்டத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது அங்கங்கே டேப் சுற்றிய பழைய வயர். மூன்று மணிக்கு மழை பெய்து விட்டது. மேடை அலங்கார வளைவின் இரும்புக் குழாயில் சீரியல் செட் பல்புகளைச் சுற்றும்போது அவர் விரலிலேயே சுள்ளென்று பட்டது. ஸ்விட்சைப் போட்டால், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற டிரிப்பர் விழுந்தது. தூக்கி விட்டால் மறுபடியும் விழுந்தது. தலைமையாசிரியர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஒரு சாண் நீளத்துக்கு வயரை வெட்டி, டிரிப்பரைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்தார். லைட் எரிந்தது. இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்தார்.

கும்மிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் கோமதி சுற்றி வந்து அந்த இரும்புக் குழாயைப் பிடித்தாள்.

ஸ்விட்ச் பலகையை நோக்கி ஓடி மெயினை அணைத்தவர் அவர்தான். ஊரார் அதைத்தான் பார்த்தார்கள். இருட்டில் அவர் அங்கேயே நின்று அந்த ஒரு சாண் வயரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்ததை யாரும் பார்க்கவில்லை. பிறகுதான் மேடைக்கு ஓடினார். பிள்ளை பிடித்த கணமே போய்விட்டது என்றார்கள். விசாரணைக்கு வந்தவர்கள், டிரிப்பர் ஏன் விழவில்லை என்று கேட்டு, பள்ளிக்கூடத்தின் வயரிங்கைக் கவனிக்க வேண்டிய வாட்ச்மேன் சூசையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் உள்ளே இருந்தார். வேலையும் போய், கோவில்பட்டியில் மகள் வீட்டுத் திண்டாட்டத்தோடு திண்டாட்டமாகக் கிடந்து செத்தார். பேச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை. இறந்த பிள்ளைக்குத் தகப்பன் என்பதால் அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு இப்போதும் அவருடைய டிஸ்கில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நான்கு வருஷம் முந்தைய ஆண்டு விழாவின் வரவேற்புப் பாட்டை எடுத்துக் கொடுத்தார். அப்போது கோமதிக்கு ஆறு வயது. வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டு மேடையேறிக் கூட்டத்தைப் பார்த்து ஓவென்று அழுதவளை வடிவு போய்த் தூக்கி வந்தாள். பட்டை அதைத்தான் எழுப்பியது. வடிவு சிரித்துக்கொண்டே எழுதினாள். மறுவாரம் டாக்டர் தயங்கித் தயங்கி, இது நோட்டில் உள்ள அத்தியாயம் மாதிரித் தெரியவில்லையே என்றார். பாட்டு மாறிப்போயிருக்கும் என்றார் பேச்சிமுத்து. அடுத்ததாக, பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போன பஸ்ஸில் போட்ட பாட்டைக் கொடுத்தார். அதுவும் போயிற்று: அருவியில் நனைந்து உதடு நீலம் பாரித்து, இன்னும் ஒரு தடவை என்று கெஞ்சிய பிள்ளை. மூன்றாவதாகக் கொடுத்தது கோமதி சைக்கிள் பழகிய விடுமுறையில் தெருவில் ஓயாமல் ஓடிய ஒரு தேர்தல் பாட்டு. அதுவும் ஒன்பது பக்கமாக வந்தது.

காலையில் எழுந்ததும் கோமதியின் போட்டோவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பது வடிவின் வழக்கம். மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அவள் அங்கே நிற்காமல் நேராக அடுப்படிக்குப் போனாள். அன்று பேச்சிமுத்து கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டார். தான் செய்துகொண்டிருப்பது என்னவென்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒரு நாளை மறைப்பதற்காக, அவளிடம் பிள்ளையின் நல்ல நாட்களாகப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் அவளுக்குள் கோமதி என்று மிஞ்சப் போவது அந்த மேடைதான்.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது டாக்டர் நஸ்ரீன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதற்கு மேல் அம்மாவின் உடம்பு தாங்காது என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து வடிவின் நோட்டை எடுத்தார்.

"இதை உங்ககிட்டக் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. மூணு தடவை தப்பிப் போச்சுன்னா மட்டும் காட்டச் சொன்னாங்க. எனக்கு இதுல ஒண்ணும் புரியலை."

பதினான்கு என்று எண் போட்டு, நோய் முற்றுவதற்கு முந்தைய அழகான கையெழுத்தில் நான்கு வரி இருந்தது.

'ஆண்டு விழா. மழை. நாவல் இதற்காகத்தான். எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரியும், நான் சொல்லப் போவதில்லை. அவர் கையால் எடுத்துத் தர வேண்டும்.'

பேச்சிமுத்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். டாக்டர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது காதில் விழவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்கலாமென்றால், இதை எழுதியவள் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்து அவர் கும்மிப் பாட்டை எடுத்தார். அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நின்றது. வேறொரு வெட்டவெளியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் குழாயைக் கட்டிப் பதிந்தார். ஈரக் காற்றில் பாட்டு கொஞ்சம் அமுங்கிக் கேட்டது. இரண்டாம் சரணம் வந்தபோது அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் முழுசாகப் பதிந்தார். அன்றைக்குப் பாதியிலேயே நின்றுபோனதால், பதிவையும் அந்த இடத்திலேயே வெட்டினார்.

வடிவு அன்று எழுதியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். முதலில் சிரித்தாள். இடது கையால் காற்றில் யாருக்கோ தலை வாரிவிட்டாள். பிறகு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நர்ஸ் பட்டையைக் கழற்றப் போனபோது டாக்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். வடிவு எழுதுவதை விடவில்லை. தாளைப் பார்க்காமலே எழுதினாள். பதினொரு பக்கம் எழுதி முடித்து அப்படியே மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிப் போனாள்.

அந்தப் பக்கங்களை அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாசித்தார். விளக்கு அணைந்ததும் மின்னல் ஒன்று வெட்டியதாக அதில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒருவன் பலகையிலிருந்து எதையோ பிடுங்கிப் பைக்குள் வைப்பதைத் தாய் பார்க்கிறாள். அவள் மடியில் பிள்ளை கிடக்கிறது. அவர் அறியாதது அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

'பிள்ளைக்கு அப்போது மூச்சு இருந்தது. அப்பா என்று ஒரு தடவை சொன்னது. நான் அவனைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் பையின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.'

வீட்டுக்கு வந்த மறுநாள், வடிவு இரண்டு தட்டில் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து, நீங்களும் சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிடும்போது, இந்தக் கத்தரிக்காய் காரலாக இருக்கிறதே, அடுத்த தடவை நான் வந்து வாங்குகிறேன் என்று சாதாரணமாகப் பேசினாள். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத குரல் அது. சாயங்காலம் வாசலில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு எண்ணெய் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அவருக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலவும், அப்படியே பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் அவரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அவரிடம் இருந்தது. கேட்பதற்கு அவள் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு மன்னிக்க ஒன்றுமே இல்லை.

உள்ளே போகும்போது அவள் போட்டோவைக் கண்டு நின்றாள்.

"லட்சணமா இருக்கு பிள்ளை. யாரோட பிள்ளைங்க?"

விட்டுப்போனதைச் சொல்லி நிரப்பாதீர்கள், அவர்களுக்குப் பயம்தான் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பேச்சிமுத்து அதைக் காரணமாகப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சவங்க பிள்ளை," என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பதிப்பாளர் திருத்துவதற்காக நாவலை அச்சுப் பிரதியாக அனுப்பினார். சொந்த நாட்கள் போனாலும் வடிவுக்குத் தமிழ் போகவில்லை. யாரோ எழுதிய கதையைத் திருத்துகிற மாதிரி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் மத்தியானம் உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்த்தாள். சில இடங்களில், நல்லாத்தான் எழுதியிருக்கேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினான்காவது அத்தியாயத்துக்கு வந்தபோது அவரைக் கூப்பிட்டாள்.

"இந்த எடம் எனக்குச் சரியாப் படலைங்க. கொஞ்சம் கேளுங்க." மின்னல் வெட்டுகிற இடத்திலிருந்து பித்தான் போடுகிற இடம் வரை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். வகுப்பில் வாசிக்கிற குரல். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பெத்த பிள்ளை மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. இவன் வயரைப் பிடுங்கி ஒளிச்சு வைக்கான். எந்தத் தகப்பன் இப்படிச் செய்வான்? வாசிக்கிறவுக நம்ப மாட்டாக. என்ன கோவத்துல எழுதுனேன்னு தெரியலை. இந்த வரிகளை வெட்டிருதேன்."

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். பதிப்பாளருக்குத் தெரியாது, டாக்டருக்கு விளங்கவில்லை. சூசையின் இன்னொரு மகள் பிலோமினா வடிவு வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே இப்போது டீச்சராக இருந்தாள். வடிவின் புத்தகம் எது வந்தாலும் வாங்கி வாசிக்கிறவள். அவளுக்கும் தெரியாமலே போய்விடும்.

"வெட்டாத," என்றார் பேச்சிமுத்து.

"ஏன்?"

"செய்வான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பயம் வந்தா அந்த நேரத்துல அப்பன்னும் கெடையாது, பிள்ளைன்னும் கெடையாது. கை தன்னால போகும். நீ எழுதுனதுதான் சரி. அப்படியே இருக்கட்டும்."

வடிவு பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவர் சொன்னதை ஒரு வாசகரின் கருத்தாக எடுத்துக்கொண்டாள் என்று முகத்தில் தெரிந்தது. சரி, இருக்கட்டும் என்றாள். அப்புறம் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"இன்னொரு கொறை. வாட்ச்மேன் சூசைக்குப் பேரு இருக்கு, தலைமையாசிரியருக்கு இருக்கு, பூக்காரிக்குக்கூட இருக்கு. இவனுக்கு மட்டும் பேரு வைக்காம அவன் அவன்னே எழுதிட்டுப் போயிருக்கேன். ஒரு பேரு சொல்லுங்களேன்."

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அது போய் முடியும் வரை அவர் காத்திருந்தார்.

"பேச்சிமுத்துன்னு போடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அந்தக் கண்களில் ஏதாவது வந்துவிடாதா என்று அவர் பார்த்தார். ஒரு கோபம், ஒரு வெறுப்பு, எதுவாக இருந்தாலும் போதும். அவள் சிரித்தாள்.

"உங்க பேரையா? நல்ல ஆளு நீங்க. இந்தப் பாவிக்கு உங்க பேரை வச்சா ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். போடு, வடிவு."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவர் முழங்கையை லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். முதல் 'அவன்' மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

"பேச்சிமுத்து," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள், முன்பின் கேட்டிராத பெயரைச் சொல்வது போல. "சேத்துத்தான எழுதணும்?"

"ஆமா," என்றார். "சேத்துத்தான்."